உள்ளே இருந்து இழுப்பவர்

"அப்பா வெளியே இழுக்குறாரு, சரி. அதைத் திரும்ப உள்ளே இழுக்குறது யாரும்மா?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அன்றுதான் அந்தத் துடுப்பு மெஷின் வீட்டுக்கு வந்திருந்தது. ஆள் நீளத்துக்கு ஒரு தண்டவாளம். அதன்மேல் முன்னும் பின்னும் ஓடும் சின்ன இருக்கை. முன்பக்கம் வட்டமான கூண்டுக்குள் ஒரு விசிறிச் சக்கரம். அதிலிருந்து வரும் சங்கிலியின் நுனியில் கைப்பிடி. பாதங்களை வாரில் மாட்டிக்கொண்டு கைப்பிடியை வயிறுவரை இழுத்தால் 'உஸ்' என்று காற்று சீறும். கையைத் தளர்த்தினால் சங்கிலி தானே உள்ளே ஓடிவிடும். தண்ணீரே இல்லாத படகு.

அப்பா பஸ் டிரைவர். உட்கார்ந்தே ஓட்டிய முதுகுக்கு நல்லது என்று வீடு மாறிப் போன யாரோ கொடுத்துவிட்டுப் போனது அது. அவர் மூச்சு வாங்கச் சிரித்தபடி சொன்னார்: "உள்ளே ஒரு மாமா உட்கார்ந்திருக்காரு. நான் இந்தப் பக்கம் இழுத்தா அவரு அந்தப் பக்கம் இழுப்பாரு."

"அவருக்குச் சட்டை இருக்கா?"

அம்மா தையல்காரி. வாடிக்கையாளர் ஒருவரின் மழைக்கோட்டில் தலையைக் கவிழ்த்திருந்தாள். "சட்டையெல்லாம் இருக்கு. பட்டன்தான் இல்ல. போய் விளையாடு" என்றாள்.

மறுநாள் காலை அந்த மழைக்கோட்டின் ஐந்து பட்டன்களில் ஒன்றைக் காணவில்லை. கருநீலம், நான்கு துளை, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது. வீட்டையே தலைகீழாகப் புரட்டினாள். கடைசியில் ஐந்தையும் மாற்றி வேறு வைத்துத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அதெல்லாம் பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. முதுகுவலி போனதும் படகு கரையேறிவிட்டது. தைத்து முடித்த துணிகளைத் தொங்கவிட அதைவிட வசதியான இடம் அந்த வீட்டில் இல்லை. கைப்பிடியில் கால்சட்டைகள், கூண்டின்மேல் மடித்த துண்டுகள், இருக்கையில் ஊசிப் பெட்டி. மகள் வளர்ந்து வெளியூரில் படிக்கப் போனாள். படகு மட்டும் மூலையில் கிடந்தது.

போன வருடக் கடைசியில் டிரைவருக்கு நெஞ்சில் வலி வந்தது. இரத்தக் குழாயில் அடைப்பு. சரிசெய்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், தினமும் இருபது நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்றார். வீட்டில் துடுப்பு மெஷின் இருக்கிறது என்றதும், "மெதுவா ஆரம்பிங்க, போட்டி போடாதீங்க" என்றார்.

அன்றே தையல்காரி துணிகளை எல்லாம் இறக்கினாள். தன் தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை எடுத்து வந்து தண்டவாளம் நெடுக விட்டுத் தடவினாள். இருக்கை வழுக்கிக்கொண்டு ஓடியது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் தன் மெஷினுக்கு நாலு சொட்டு, அவர் மெஷினுக்கு இருபது சொட்டு. விடும்போதே வாய்க்குள் ஒரு பிரார்த்தனை ஓடும். "இவரை மறுபடியும் அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி உட்கார வையி. வேற ஒண்ணும் கேக்கல."

உட்கார வைப்பதற்கு ஒரு தேதி இருந்தது. மாதக் கடைசியில் டிப்போவின் மருத்துவப் பரிசோதனை. தேறினால் பஸ். தேறாவிட்டால் டயர் கிடங்கில் ஒரு நாற்காலி. அவர் நாட்காட்டியில் தினமும் எண்களை எழுதி வந்தார். இருபது நிமிடத்தில் எத்தனை இழுப்பு என்ற கணக்கு. முந்நூற்றைம்பதில் தொடங்கி நானூற்றைம்பதுவரை ஏறியது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. நானூற்றுப் பத்து. முந்நூற்றெண்பது. முந்நூற்று நாற்பது. பிறகு அவர் எழுதுவதையே விட்டுவிட்டார்.

அந்த வியாழக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போடும்போது பையில் ஏதோ மொடமொடத்தது. மடித்த காகிதம். "என் உடல்நிலையை நானே அறிவேன். பரிசோதனைக்கு வர விருப்பமில்லை. டயர் கிடங்கிலேயே வேலை தர வேண்டுகிறேன்." கீழே கையெழுத்து. தேதி அடுத்த திங்கட்கிழமை.

அவர் ரொட்டி வாங்கப் போயிருந்தார். வெளியே தூறல். பக்கத்தில் இருந்தது படகின் இருக்கைதான், அதிலேயே உட்கார்ந்தாள். முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். வயதானவர்கள் ஏறினால் உட்காரும்வரை பொறுத்து வண்டியை எடுப்பவர். அவரைக் கிடங்கில் டயர் எண்ண வைப்பதா? கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கியவள், என்ன தோன்றிற்றோ, கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

இருக்கை நகர மறுத்தது. பிறகு ஒரு வெட்டு வெட்டி நகர்ந்தது. சங்கிலி கரகரத்தது. கையைத் தளர்த்தினாள். கைப்பிடி பாதி தூரம் போய், மீதி தூரம் போக மனசில்லாததுபோல் நடுவிலேயே தொங்கிற்று.

இரண்டாவது முறை இழுத்தாள். மூன்றாவது முறை. அவளுக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. மாடிப்படி இரண்டிரண்டாய் ஏறுபவள். ஆனால் பத்து இழுப்பில் மூச்சு வாங்கியது. சங்கிலியை விரலில் பிடித்து லேசாக இழுத்து விட்டுப் பார்த்தாள். இடுப்புத் துணியில் பழைய எலாஸ்டிக்கை விரலால் இழுத்துப் பார்க்கிறவளுக்கு அந்தத் தொய்வு தெரியாதா?

"எலாஸ்டிக் செத்துப்போச்சு" என்றாள் வாய்விட்டு.

அவர் ரொட்டியோடு வந்ததும் சொன்னாள். கடிதத்தைப் படித்ததையும் மறைக்கவில்லை.

அவர் நனைந்த செருப்பைக் கழற்றியபடி சொன்னார்: "ஆடத் தெரியாதவங்கதான் தரையைக் குறை சொல்வாங்க. மெஷின் மேல பழி போடாத. என் மூச்சு எனக்குத் தெரியாதா?"

"நான் பத்து தடவை இழுத்தேன். எனக்கும் மூச்சு வாங்குச்சு."

"உனக்கும் வயசாகுது."

"ஆமா, இன்னிக்குக் காலைல வயசாயிடுச்சு. நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். ஏங்க, பஸ்ஸுல பின்சக்கரத்துல ஒரு நட்டு லூஸானா முன்னாடி உட்கார்ந்து கண்டுபிடிக்கிற காது உங்களுது. வீட்டுல இது கரகரன்னு கத்துது, கேக்கலையா?"

"கேட்டுது. என் நெஞ்சு கத்துறதுன்னு நினைச்சேன்."

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவள் ரொட்டியை நறுக்கி, முட்டையை உரித்து முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை இருக்கையைக் கவிழ்த்து, அடியிலிருந்த நான்கு வீல்களில் ஒன்றைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு விளையாட்டு அரங்குக்குப் போனாள். அங்கே துடுப்புக்காரப் பிள்ளைகள் பழகும் மெஷின்கள் ஒரு வரிசையாக நிற்பதை, அவர்களுக்குக் கால்சட்டை ஓரம் அடித்துக் கொடுக்கப் போனபோது பார்த்திருக்கிறாள்.

அரங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆளை எல்லோரும் 'சாவி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒல்லியான மனிதர். சாம்பல் நிறக் கோட்டு. நடுப் பட்டன் இருந்த இடத்தில் ஓர் ஊக்கு. அவள் போனபோது குனிந்து தரையிலிருந்து சாவிக்கொத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"பையில ஓட்டை, தங்கச்சி. ஒரு நாளைக்கு இருபது தடவை விழும். பூட்டைத் தேடுறதைவிட சாவியைத் தேடுறதுதான் எனக்கு வேலை. என்ன விஷயம்?"

அவள் கைக்குட்டையை அவிழ்த்தாள். அவர் வீலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பசை சுருண்டு வந்தது. உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக நூல் இழைகள்.

"வீட்டுல தையல் வேலையா?"

"எப்படி அண்ணே தெரியும்?"

"வீலே சொல்லுதே. சரி, தண்டவாளத்துல எண்ணெய் விட்டது யாரு?"

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான்தான். வாராவாரம்."

"செயினுக்கு?"

"அதுக்கு விடல. கையில பிசுபிசுன்னு ஒட்டுமேன்னு..."

சாவி அண்ணன் சிரித்தார். ஏளனம் இல்லாத சிரிப்பு. "தங்கச்சி, நீங்க வேணும்கிற எடத்துல விடாம, வேண்டாத எடத்துல கொட்டியிருக்கீங்க. தண்டவாளம் காஞ்சு கிடக்கணும். தினம் ஈரத்துணியால ஒரு துடை, அவ்வளவுதான். எண்ணெய் இருந்தா பறக்கிற பஞ்சு, நூலு, தலைமுடி எல்லாம் அதுல வந்து குடியேறும். வீல் அதை மிதிச்சு மிதிச்சு இப்படி மேடு பள்ளமாயிடும். செயினுக்குத்தான் எண்ணெய். அதுவும் ஊத்தக்கூடாது. துணியில நாலு சொட்டு விட்டு உருவி விடணும்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் வேண்டிக்கொண்டு விட்ட எண்ணெய். அதுவே அவர் காலைப் பிடித்து இழுத்திருக்கிறது. அக்கறை கூட இடம் மாறி ஊற்றினால் பாரமாகிவிடும் என்பதை அவள் அதுவரை யோசித்ததில்லை.

"அவருக்கு நெஞ்சு சரியில்ல அண்ணே. இழுப்பு குறையுது, நெஞ்சு போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு பஸ் ஓட்டுறதையே விடப் போறாரு. திங்கக்கிழமை கடுதாசி குடுக்கப் போறாரு."

சாவி அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"முதல்ல அதைச் சொல்லுங்க. மெஷினை நான் பார்க்கலாம், நெஞ்சை நான் பார்க்க முடியாது. இப்படி வாங்க."

கிடங்கு அறையில் உடைந்த மெஷின் ஒன்று சாய்ந்து கிடந்தது. பொறுப்பாளர் தூக்கிப் போடச் சொல்லி நாளாயிற்றாம். அதிலிருந்து நான்கு நல்ல வீல்களைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு ஓடுகிற மெஷின் ஒன்றைச் சாய்த்து, அடித்தகட்டைத் திறந்து காட்டினார். சங்கிலியின் உள் நுனியில் ஒரு கொக்கி. கொக்கியில் விரல் கனத்தில் ரப்பர் கயிறு. அது சின்னச் சின்ன உருளைகளைச் சுற்றி ஓடி மறுமுனையில் முடிந்து கிடந்தது.

"இதுதான் திரும்ப இழுக்கிற ஆளு. வெளியே தெரிய மாட்டாரு. இவரு தளர்ந்துட்டா முன்னாடி இருக்கிறவன்தான் ரெண்டு ஆள் வேலையும் செய்யணும். அதான் உங்க வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது."

"இந்தக் கயிறு எங்கே கிடைக்கும்?"

அவர் தாடையைத் தேய்த்தார். வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் புத்தம்புதிய கறுப்பு ரப்பர் கயிறு ஒரு சுருள்.

"நீளமா வாங்கிட்டேன். சும்மாதான் கிடக்குது. எடுத்துட்டுப் போங்க. இந்த ஸ்பேனரையும் கொண்டுபோங்க, வேலை முடிஞ்சதும் குடுத்தாப் போதும்."

"அண்ணே, அந்தக் கோட்டைக் கழட்டிக் குடுங்க. பை தைச்சு, பட்டன் வச்சு நாளைக்கே கொண்டாறேன்."

"அதெல்லாம் வேண்டாம். நான் ஒண்ணு குடுக்க, நீங்க ஒண்ணு குடுக்கன்னு ஆக்கிடாதீங்க. குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும். ஊக்கு நல்லாத்தான் பிடிக்குது."

கோட்டின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார், அவள் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவாள் என்பதுபோல.

அவள் தெருமுனை திரும்பும்போது பின்னால் பார்த்தாள். அவர் தண்ணீர் கேனைச் சைக்கிள் கேரியரில் வைத்து, ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்தபடி, மறு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தூறலில் நடந்துகொண்டிருந்தார். கேரியரில் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தன் கையிலிருந்த கயிற்றின் இரு முனையிலும் கொக்கி மாட்டியிருந்த பள்ளம் புதிதாகப் பதிந்திருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

சனிக்கிழமை டாக்டரிடம் இருவரும் போனார்கள். டாக்டர் நெஞ்சைக் கேட்டார், படம் எடுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் ஓடுது. ஆனா ரெண்டு மாசமா என்னய்யா பண்றீங்க, கல் உடைக்கிறீங்களா? கையெல்லாம் காப்புக் காய்ச்சிருக்கு. மெஷினைச் சரிபண்ற வரைக்கும் நடங்க, போதும்" என்றார். டிரைவர் வீட்டுக்கு வந்து கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, நாட்காட்டிக்குப் பின்னால் சொருகினார். கிழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஜன்னலோரம் பழைய துணியை விரித்து, படகைக் கவிழ்த்தார்கள். அவள் தண்டவாளத்தை வெந்நீரும் சோப்பும் போட்டுத் துடைத்தாள். ஒரு பக்கெட் தண்ணீர் தார்போல ஆயிற்று. அவர் வீல்களை மாற்றினார். சங்கிலியைத் துணியில் உருவினார். ஸ்பேனர் கைக்கு வந்ததும் அவர் முதுகே நிமிர்ந்துவிட்டது.

"ஏங்க."

"ம்."

"தண்டவாளத்துல எண்ணெய் விட்டது நான்தான். அதனாலதான் வீல் போச்சு. உங்களை இவ்வளவு நாள் இழுத்தடிச்சது நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வாராவாரம் ஏதோ முணுமுணுத்துக்கிட்டே விடுவியே. திட்டுறியோன்னு நினைச்சேன்."

"சாமி கும்பிட்டேன்."

"எனக்காகவா?"

"பின்னே, தண்டவாளத்துக்காகவா?"

அவர் குனிந்து ஒரு வீலைச் சுற்றிவிட்டார். அது சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது. "அந்த எண்ணெய் இல்லன்னா நான் ரெண்டாவது வாரமே விட்டிருப்பேன். நீ சனிக்கிழமை எண்ணெய் விட்டுட்டியேன்னுதான் ஞாயித்துக்கிழமை ஏறி உட்காருவேன்" என்றார்.

ரப்பர் கயிறு மாற்றுவதில்தான் சிக்கல் வந்தது. அவர் பழைய கயிற்றை உருவி எடுக்கப் போனார். உருளைகளைச் சுற்றிப் புதுக் கயிற்றை எப்படி நுழைப்பது என்று அதற்கப்புறம் யோசிக்கலாம் என்பது அவர் கட்சி.

"இருங்க, இருங்க! உருவிடாதீங்க! கால்சட்டையில நாடா மாத்துறப்போ பழசை உருவிட்டா புதுசு எப்படிங்க உள்ளே போகும்? பழசோட வாலுல புதுசோட தலையைச் சேர்த்துத் தைக்கணும். பழசை இழுத்தா புதுசு தானா வரும்."

இரண்டு முனைகளையும் ஒட்டவைத்து, தடித்த நூலால் பத்துச் சுற்று தைத்தாள். அவர் பழையதை மெல்ல இழுத்தார். அது வெளியே வர வர, புதியது உருளை உருளையாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று. செத்த கயிறு முழுவதும் வெளியே வந்து விழுந்தபோது, அதோடு கூடவே ஏதோ ஒன்று 'டக்' என்று தரையில் விழுந்து உருண்டது.

கருநீலம். நான்கு துளை.

இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் உடனே மகளுக்குப் போன் போட்டாள். "ஏன்டி, மழைக்கோட்டுப் பட்டனை மெஷினுக்குள்ள போட்டியா நீ?"

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. "ஐயோ, கிடைச்சுடுச்சா! உள்ளே இருக்கிற மாமாவுக்கு பட்டன் இல்லன்னு நீதானம்மா சொன்னே! செயின் போற ஓட்டை வழியா போட்டேன். நீ வீடு பூரா தேடினே, பயத்துல சொல்லல."

"அஞ்சு பட்டனையும் மாத்த வச்சியேடி!"

"மாமா வாங்கிக்கிட்டாரான்னு கேளு."

டிரைவர் போனுக்கு எட்டும்படி கத்தினார்: "இவ்வளவு நாளும் பத்திரமா வச்சிருந்தாரு. இன்னிக்குத்தான் ஓய்வு குடுத்து அனுப்பினோம்!"

கயிற்றை இழுத்து முடிந்து, தகட்டை மூடி, படகை நிமிர்த்தினார்கள். அவர் உட்கார்ந்தார். வாரை மாட்டினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவள் தையல் மெஷினின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இழுத்தார். இருக்கை நீரில் போவதுபோலப் பின்னால் போயிற்று. கையைத் தளர்த்தினார். கைப்பிடி முனைவரை ஓடி, தன் இடத்தில் 'டொக்' என்று உட்கார்ந்தது.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "வந்துட்டாரு" என்றார்.

டாக்டர் சொன்ன அளவு தாண்டாமல், அவசரப்படாமல் இழுத்தார். முதல் நாள் முந்நூற்றுத் தொண்ணூறு. நாட்காட்டியில் அவர் எழுதும்போது பின்னாலிருந்த கடிதம் கீழே விழுந்தது. அதை எடுத்து, செயின் துடைத்த துணியோடு சேர்த்துச் சுருட்டிக் குப்பையில் போட்டார். திங்கட்கிழமை டிப்போ பக்கம் அவர் போகவில்லை. பரிசோதனைக்கு முந்தின நாள் எண் நானூற்று அறுபது.

பரிசோதனை நடந்த அன்று மதியம் அவர் தெருவில் வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காற்சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டு, நடுத்தெருவில், பின்னால் வரும் சைக்கிளுக்குக்கூட வழிவிடாமல் வந்தார். "ஆறு மாசத்துக்குப் பகல் வண்டி மட்டும்தானாம். சின்ன ரூட்டு. அப்புறம் மறுபடி பார்ப்பாங்களாம்" என்றார், ஏதோ குறை சொல்வதுபோல. அவள் உள்ளே போய், இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து டீ போட்டாள்.

அவர் முதல் நாள் வேலைக்குப் போன காலை, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அரங்குக்குப் போனாள். கூடையில் இன்னொரு பொருளும் இருந்தது. கித்தான் துணியை நான்காக மடித்து, மூன்று வரிசைத் தையல் போட்டு, நுனியில் இரும்பு வளையம் வைத்துத் தைத்த வார். தண்ணீர் கேனென்ன, ஆளையே கட்டித் தூக்கலாம்.

சைக்கிள் வாசலில் நின்றது. கேரியரில் சணல் கயிறு சுற்றியிருந்தது. அதை அவிழ்த்து மடித்து ஓரமாக வைத்துவிட்டு வாரை மாட்டினாள். உள்ளே போனாள். அரங்கின் மேல்மாடத்தில் எங்கேயோ பக்கெட் நகரும் சத்தமும் ஒரு பாட்டின் முணுமுணுப்பும் கேட்டன. கிடங்கு அறை திறந்திருந்தது. ஆணியில் சாம்பல் நிறக் கோட்டு.

அவள் கதவோரம் நின்று மேலே கேட்ட சத்தத்தை அளந்தாள். ஒரு வரிசை இருக்கையைத் துடைத்து அடுத்த வரிசைக்கு நகர நாலு நிமிடம் ஆகும் போலிருந்தது. கவிழ்ந்திருந்த பெட்டிமேல் உட்கார்ந்து, கோட்டை மடியில் விரித்தாள். முதலில் பை. ஓட்டையைச் சுற்றிப் பழைய துணி நைந்திருந்தது. உள்ளே ஒரு துண்டு கொடுத்து இரட்டை நூலில் நெருக்கமாகத் தைத்தாள். பிறகு ஊக்கைக் கழற்றினாள். புடவைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள்.

கருநீலப் பட்டன் சாம்பல் கோட்டில் கொஞ்சம் எடுப்பாகத்தான் தெரிந்தது. பரவாயில்லை. நான்கு துளையிலும் நாலு நாலு முறை நூலை ஓட்டி, அடியில் சுற்றி, முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து அறுத்தாள். யாருக்கென்று ஒரு குழந்தை எடுத்து வைத்ததோ, அவரிடம் அது வந்து சேரப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

மேலே பாட்டு நின்றது. பக்கெட் தூக்கும் சத்தம்.

கோட்டை ஆணியில் மாட்டினாள். தைத்த பைக்குள் ஸ்பேனரைப் போட்டாள். கையை எடுத்துவிட்டு ஒரு கணம் காத்திருந்தாள். விழவில்லை. பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.